மழைக் காலமும் மோட்டார் சைக்கிளும்

உழவு முடிந்ததும் கொழுவைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் தடவிப் பரண்மேல் வைப்பது நமது குடியானவர்களின் பழைய வழக்கமாகும். வேலையில்லாத நாட்களிலும் மாட்டுக்குத் தவிடும் பிண்ணாக்கும் குறைவதில்லை. ஆனால் பெருந்தொகை கொடுத்து, பெரும்பாலும் தவணைக் கடனில் வாங்கிய மோட்டார் சைக்கிளை மட்டும் மழை நாட்களில் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு மறந்துவிடுகிறோம். இது சிக்கனமன்று, நஷ்டத்திற்கு வழியேயாகும்.

அம்பத்தூரில் வயல்கள் பெரும்பாலும் மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. எனினும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் மேற்கேயுள்ள கிராமங்களில் நெல், கீரை, மல்லிகை முதலிய சாகுபடிகள் இன்றும் நடைபெறுகின்றன. விடியுமுன் பூக்கூடையையும் கீரைக்கட்டையும் கோயம்பேடு சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மோட்டார் சைக்கிளே. கார்த்திகை பிறந்தால் மல்லிகை விளைச்சல் தை வரையில் குறைந்துவிடுகின்றது. கீரைப் பாத்திகளிலும் தண்ணீர் தேங்கி நிற்கின்றது. அக்காலத்தில் வண்டி வாரக்கணக்கில் சும்மா நிற்கின்றது. சும்மா நிற்கும் யந்திரம் இளைப்பாறுவதில்லை, துருப்பிடிக்கின்றது.

பனி பொழியும் மேல்நாடுகளில் குளிர்காலம் தொடங்குமுன் மோட்டார் சைக்கிளை முறைப்படி கட்டிவைக்கும் பழக்கம் உண்டு. நமக்குப் பனியில்லை, ஐப்பசி, கார்த்திகை மழையே அந்தப் பருவம். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகின்றது. சென்னைப் பகுதியின் வருஷ மழையில் பாதிக்கு மேல் அதிலேயே பெய்துவிடுகின்றது. ஆயுத பூஜையோ அதற்குச் சற்று முன்பாகவோ, அதையொட்டியோ வருகின்றது. ஆகவே அன்று வண்டிக்குச் சந்தனம் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்குவதோடு நின்றுவிடாமல், அதற்கு முந்திய அரை நாளைப் பராமரிப்புக்கு ஒதுக்கவேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

முதலில் பெட்ரோலைக் கவனிப்போம். கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கப்படும் எத்தனால் இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் வரையில் கலக்கப்படுகின்றது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். பாதி காலியான டாங்கில் ஈரக்காற்று புகுந்து உட்புறம் துருவேறும். ஆகையால் நிறுத்துமுன் டாங்கைப் போதிய அளவு நிரப்பிவிடவேண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியானால் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிடுதல் நலம். இஞ்செக்ஷன் அமைப்புள்ள புது வண்டிகளில் இவ்வாறு வடிக்கவேண்டியதில்லை.

எஞ்சின் ஆயிலை மழை கழிந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் கருதுகின்றனர். ஓடிக் கறுத்த ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருப்பதால், நிறுத்துமுன் மாற்றுவதே சரி. சங்கிலியை மண்ணெண்ணெயால் கழுவி உலர்த்தி, கியர் ஆயில் இடவேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, பாட்டரியை உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றவேண்டும். திரும்ப மாட்டும்போது அம்முனையைக் கடைசியில் மாட்டவேண்டும்.

வண்டி நிற்கும் இடமும் முக்கியமானது. உர மூட்டைகளுக்கு அருகில் நிறுத்தலாகாது. பொட்டாஷ் முதலிய உரங்கள் ஈரம் பட்டால் இரும்பை வெகு சீக்கிரம் அரிக்கும். மாட்டுக் கொட்டகையும் ஏற்றதன்று. அங்கு எழும் அம்மோனியா செம்புக் கம்பிகளைக் கெடுக்கும். மேடான, காற்றோட்டமுள்ள இடத்தில் பெரிய ஸ்டாண்டிட்டு, பழைய வேட்டியால் மூடுவது போதும். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும். எலி, பூச்சி புகாதபடி சைலன்சரின் வாயைத் துணியால் அடைக்கலாம். ஓட்டுமுன் மறவாமல் எடுத்துவிடவேண்டும்.

வாரம் ஒருமுறை இரண்டு நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்பது பரவலான எண்ணம். அது தவறு. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, சூடேறாத சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடுகின்றது, பாட்டரியும் நிரம்புவதில்லை. மழை விட்ட நாளில் அரைமணி நேரம் சாலையில் ஓட்டவேண்டும். இயலாவிடில் தொடாமலே விடவேண்டும்.

இவற்றிலெல்லாம் பெரிய ஆபத்து வெள்ளம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் பாய்ந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர், பட்டாபிராம் தெருக்கள் நீரில் மூழ்கியதையும் இப்பகுதியார் மறக்கமாட்டார்கள். நீரில் மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடிந்தவுடன் ஸ்டார்ட் செய்து பார்ப்பதே பெருந்தவறு. காற்றைப்போல் நீர் அழுந்தாது. சிலிண்டரில் நீர் நிற்கும்போது பிஸ்டன் எழுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடியவேண்டிய வேலை பல ஆயிரமாகும். மூழ்கிய பின் ஸ்டார்ட் செய்ததால் நேர்ந்த சேதத்திற்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பதும் கடினம். ஆகவே வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் கொண்டுபோய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, பால்போல் வெளுத்த ஆயிலை மாற்றிய பின்னரே ஓட்டவேண்டும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்திற்கு ஒன்றும் கிட்டாது என்பதையும் மழைக்கு முன்பே தெரிந்துகொள்ளவேண்டும்.

கூரையே ஒழுகும் வீட்டில் வண்டிக்கு மேட்டிடம் எங்கே என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தனித்தனியே இயலாதவர்கள் ஒன்றுசேர்ந்து, ஊரில் வெள்ளம் ஏறாத இடத்தில் பொதுக்கொட்டகை ஒன்று அமைக்கும்படி பஞ்சாயத்தைக் கேட்கலாம். நெல்லுக்குக் களம் வேண்டியதுபோல் வண்டிக்கும் ஓரிடம் வேண்டியதே.

தை பிறந்து, மல்லிகை மீண்டும் மொட்டுவிடத் தொடங்கும் நாளில் சந்தைக்குப் புறப்படும் வண்டி முதல் உதையிலேயே கிளம்பவேண்டும். கிளம்பாத வண்டிக்காகப் பூ காத்திருக்காது, தவணையும் காத்திருக்காது. ஆயுதத்தைப் பூஜிப்பவன் அதைப் பேணவும் கடமைப்பட்டவன் என்பதை நமது குடியானவர்கள் இவ்வருஷம் முதலே கைக்கொள்வார்களாக.