திடீர் மரணங்களும் நாம் கேட்கத் தவறும் கேள்வியும்

2025ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் கர்நாடக மாநிலம் ஹாசன் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள் நம் எல்லாரையும் கலங்க வைத்தன. ஏறத்தாழ 40 நாள்களுக்குள் 20க்கும் மேற்பட்டோர் இதயம் நின்று இறந்தனர் என்றும், அவர்களுள் பலர் இளையோர் என்றும் நாளிதழ்கள் எழுதின. கொரோனா தடுப்பூசிதான் காரணமோ என்ற ஐயத்தை அம்மாநில முதல்வரே எழுப்பினார். ஜூலை 2ஆம் தேதி நடுவண் அரசின் சுகாதார அமைச்சகம் அதை மறுத்து அறிக்கை வெளியிட்டது. தொலைக்காட்சிகளில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. பிறகு வேறு செய்தி வந்தது, இதை மறந்துவிட்டோம்.

அந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஆய்வில், காரணம் விளங்காத இளவயது மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு மரபணு மாற்றங்கள் காரணமாக இருக்கக்கூடும் என்று தெரியவந்திருப்பதாக அந்த வரி கூறியது. இது அப்போது முதற்கட்ட முடிவுதான். இளையோரின் மரணத்துக்கும் மாரடைப்பே முதன்மைக் காரணம் என்றும் அதே அறிக்கை சொன்னது. ஆனாலும் தடுப்பூசி பற்றி மணிக்கணக்கில் வாதிட்டவர்கள் இந்த வரியைத் தொடவே இல்லை.

சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2023இல் நடத்திய ஆய்வும் இதே திசையைக் காட்டியது. 19 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 47 மருத்துவமனைகள் வழியாக, 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்தவர்களைப் பற்றி விசாரித்தார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. அளவுக்கு மீறிய குடி, வழக்கமில்லாத கடும் உடலுழைப்பு, கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்திருந்தது ஆகியவை கூட்டின. கூடவே, குடும்பத்தில் முன்பே ஒருவர் திடீரென இறந்திருந்தால் ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு கூடியிருந்தது. இந்தக் கடைசிச் செய்தி நம் வீடுகளுக்குள் வந்து சேரவில்லை என்பதே நம் கவலை.

மாரடைப்பு வேறு, இதயத் தசை நோய் வேறு. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைத்துக்கொள்வது மாரடைப்பு. குழாய்கள் சுத்தமாக இருக்க, தசையே கோளாறுபடுவது இரண்டாவது. இறப்புச் சான்றிதழிலும் துக்க வீட்டிலும் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

இதயத் தசைக்குள் மயோசின், ஆக்டின் என்ற இரண்டு புரத இழைகள் அருகருகே இருக்கின்றன. துடுப்பு வலிக்கும் கைகளைப்போல மயோசினின் தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுக்கின்றன, பிறகு விடுகின்றன. இப்படிப் பல கோடித் தலைகள் சேர்ந்து இழுப்பதுதான் ஒரு துடிப்பு. மயோசின் தேவைக்கு மேல் இழுக்காதபடி பிடித்துவைக்க மற்றொரு புரதம் உண்டு. அதற்கு 'மயோசின் பிணைப்பு சி' என்று பெயர். டைட்டின் என்ற மிகப் பெரிய புரதம் சுருள்வில்லைப்போலத் தசையை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. தசை அணுக்களை ஒன்றோடொன்று தைத்துவைக்கும் புரதங்களும் இருக்கின்றன. இவற்றில் எதற்கான மரபணுவில் பிழை இருக்கிறதோ, அதற்கேற்ப நோய் வேறுபடுகிறது.

மயோசினிலோ அதன் கடிவாளத்திலோ பிழை இருந்தால் இதயம் ஓய்வெடுக்காமல் அதிகம் இழுக்கும். காலப்போக்கில் தசைச் சுவர் தடிக்கும், இழைகள் ஒழுங்கு குலைந்து கிடக்கும். அந்த ஒழுங்கற்ற தசையில் ஒருநாள் மின்னோட்டம் தடுமாறினால் விளையாட்டுத் திடலிலேயே உயிர் போகலாம். கேமரூன் நாட்டுக் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோயே 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார். வயது 28. உடற்கூறாய்வில் தெரிந்தது இந்தத் தடித்த இதயம்தான். டைட்டினில் பிழை என்றால் தசை தளர்ந்து இதயம் பலூனாக விரியும். தையல் புரதங்களில் பிழை என்றால் அணுக்கள் பிரிந்து, தசை இருந்த இடத்தில் கொழுப்பும் தழும்பும் சேரும். கிரேக்க நாட்டு நாக்சோஸ் தீவில் சில குடும்பங்களில் இந்த நோயோடு கம்பளிபோன்ற சுருள் முடியும், உள்ளங்கை, உள்ளங்கால் தடிப்பும் சேர்ந்தே காணப்பட்டன. முடியும் காலும் காட்டிக்கொடுத்த இதய நோய் அது!

தடித்த இதயம் பரம்பரையாக வருவது எப்படிப் புரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இலண்டன் நோய்க்கூறியல் மருத்துவர் டொனால்ட் டியர் 1958இல் 8 இளையோரின் இதயங்களை விவரித்தார். அவர்களுள் 7 பேர் திடீரென இறந்தவர்கள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இதே நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த ஒரு பெருங்குடும்பத்தை 1961இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 1990இல் அமெரிக்காவின் ஹார்வர்டைச் சேர்ந்த கிறிஸ்டின் சைட்மன், ஜொனதன் சைட்மன் தம்பதியரின் குழு அந்தக் குடும்பத்தின் இரத்தத்திலிருந்து விடையைக் கண்டது. மயோசின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தின் 403ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலத்துக்குப் பதில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. ஒரு குடும்பத்தின் பல தலைமுறைக் கண்ணீருக்குக் காரணம் அவ்வளவுதான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 2009ஆம் ஆண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பயின்ற தண்டபாணி, ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டது. மேலே சொன்ன 'மயோசின் பிணைப்பு சி' புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம் உள்ளது. இந்த மாற்றம் சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்றும், இது உள்ளவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு என்றும் அக்குழு கணித்தது. 4 விழுக்காடு என்றால் கோடிக்கணக்கான மக்கள். 'இந்தியரின் இதயத்தில் சாபம்' என்ற தொனியில் செய்திகள் வந்தன. நம்மில் பலர் அதை வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டோம்.

அதற்குப் பின் நடந்ததை ஏடுகள் அவ்வளவு பெரிதாக வெளியிடவில்லை. 2018இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சக்திவேல் சடையப்பன் குழு, அங்கு வாழும் தெற்காசியரை ஆராய்ந்தது. 25 எழுத்து விடுபட்டவர்களுள் பத்தில் ஒருவருக்குத்தான் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் இருந்தது. இரண்டும் சேர்ந்திருந்தவர்களிடமே இதயம் அதிகமாக இழுப்பதன் அடையாளம் தெரிந்தது. 2020இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் இதைச் சற்று வேறு விதமாக உறுதிப்படுத்தினார்கள். தடித்த இதய நோய்க்கான பழியைச் சுமக்க வேண்டியது அந்த 25 எழுத்து அல்ல, சிலரிடம் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் வேறொரு சிறு மாற்றமே என்றார்கள். 2009இல் சொன்னது வீணாகிவிடவில்லை. எங்கே தேட வேண்டும் என்று காட்டியது அந்த ஆய்வே. ஆனால் அந்த 4 விழுக்காட்டினரில் மிகப் பெரும்பாலோர் நோயின்றி வாழ்ந்து முடிப்பவர்கள். இன்று பணம் வாங்கிக்கொண்டு எச்சிலில் மரபணு பார்த்துத் தரும் நிறுவனங்கள் பெருகியிருக்கும்போது, இந்தத் திருத்தத்தை அறியாத ஒரு வீட்டில் ஒரு தாள் எவ்வளவு கலக்கத்தை உண்டாக்கும்!

மரபணுவில் பிழை இருப்பதும் நோயாளியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். தடித்த இதய நோய்க்கான பிழை பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேர வாய்ப்பு சரிபாதி. வந்து சேர்ந்தாலும் ஒருவர் 20 வயதில் விழுவார், அவருடைய அக்கா 80 வயதில் பேரக் குழந்தைகளோடு இருப்பார். பிரசவத்தை ஒட்டி இதயம் தளர்ந்துபோகும் தாய்மாரைப் பற்றி 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களுள் நூற்றுக்கு 15 பேரிடம் இத்தகைய மரபணு மாற்றங்களைக் கண்டது. பெரும்பாலானவை டைட்டினில் இருந்தன. கர்ப்ப காலத்தின் கூடுதல் பாரம் அதுவரை மறைந்திருந்த பலவீனத்தை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. இப்படி மூச்சு வாங்கும் ஓர் இளம் தாயைப் பார்த்து, 'குழந்தை பிறந்த நேரம்' என்று பேசும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பது வெட்கத்துக்குரியது. குடியால் இதயம் வீங்கியவர்களிலும் ஒரு பகுதியினரிடம் இதே டைட்டின் பிழை காணப்படுகிறது.

நெருங்கிய உறவில் திருமணம் என்ற நம் ஊர் வழக்கத்தையும் இங்கே விட்டுவிட முடியாது. பிழையான படி ஒன்று தாயிடமிருந்தும் ஒன்று தந்தையிடமிருந்தும் வந்தால் நோய் கடுமையாகிறது. தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் அமெரிக்க அமிஷ் மக்களிடையே, 'மயோசின் பிணைப்பு சி' மரபணுவின் இரண்டு படிகளும் பழுதான பச்சிளங்குழந்தைகள் முதல் வயதைத் தாண்டாமல் இறந்தது பதிவாகியிருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்துக்கு ஆயரின் விதிவிலக்கு வேண்டும் என்பதைப் பங்கு அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதியவர்கள் அறிவார்கள். பல இடங்களில் அது கையொப்பத்தோடு முடியும் சடங்காகிவிட்டது. இரு வீட்டாரிலும் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா என்று அந்த நேரத்தில் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

கேட்டாலும் உண்மை வருமா என்பது அடுத்த சிக்கல். 'பொண்ணுக்கு இதயத்துல ஏதோ' என்ற பேச்சு ஊரில் பரவினால் வரன் நின்றுவிடும். ஆகவே தாய் மறைக்கிறார், தந்தை மறைக்கிறார், அண்ணன் இறந்தது 'அல்சர்' என்று மாறிவிடுகிறது. இந்த அச்சத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்குக் காரணம் உண்டு. தடித்த இதய நோயுள்ள ஒருவருக்கு, 'இது மரபணு நோய்' என்று சொல்லிக் காப்பீட்டுப் பணம் தர மறுத்த வழக்கில், 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மரபணு நோய்கள் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது பாகுபாடு என்று சொன்னது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் ஒரு பகுதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. நோயாளி நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருக்கும் நாட்டில், வாய் திறக்கத் தயங்குபவரை எப்படிக் குறை சொல்வது?

இத்தனைக்கும் மறைப்பதால் இழப்பது அதிகம். தடித்த இதயம் 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அதைக் கண்டறிய முதலில் வேண்டியது விலையுயர்ந்த மரபணுச் சோதனை அல்ல. ஓர் இ.சி.ஜி., ஓர் எக்கோ போதும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே எடுக்கிறார்கள். கண்டறிந்தால் செய்வதற்கும் வழி உண்டு. இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் பழைய மாத்திரைகள், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குத் தோலுக்கடியில் பொருத்தும் மின்னதிர்வுக் கருவி, தடித்த தசையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை ஆகியவை ஏற்கெனவே இருக்கின்றன. மயோசினின் அளவுமீறிய இழுப்பையே தணிக்கும் மேவாகாம்டென் என்ற மருந்துக்கு 2022 ஏப்ரலில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. 1990இல் கண்ட அந்த ஓர் எழுத்துப் பிழையிலிருந்து ஒரு மாத்திரைக்கு வந்துசேர 32 ஆண்டுகள் ஆயின.

ஒருவர் இந்நோயால் இறந்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது உலகெங்கும் இதய மருத்துவர்கள் பின்பற்றும் நெறி. ஒரு முறை எக்கோ சரியாக இருந்தால் போதாது. வளரும் பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள்.

நம் ஊர்களில் நடப்பது வேறு. 24 வயது மகன் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால், உடலை அறுக்க வேண்டாம் என்று உறவினர் கெஞ்சுகிறார்கள், அதற்கு ஆளும் கிடைத்துவிடுகிறது. காரணம் தெரியாமலே அடக்கம் முடிகிறது. முப்பதாம் நாள் திருப்பலிக்குக் குடும்பம் முழுவதும் வந்து சேருகிறது. சென்னையில் படிக்கும் தம்பி, துபாயிலிருந்து வந்த சித்தப்பா, கட்டிக்கொடுத்த அக்கா, அவருடைய இரண்டு பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட உட்காருகிறார்கள். முன்பு யார், எந்த வயதில், எப்படி இறந்தார் என்று பாட்டிக்கு நினைவிருக்கும் கடைசி ஆண்டுகளாகவும் அவை இருக்கலாம். ஒரு நோட்டை எடுத்து அதை எழுதிக்கொள்ள அன்று அரை மணி நேரம் போதும். மறுநாள் தம்பி சென்னைக்கு இரயில் ஏறுமுன், அவனை இதய மருத்துவப் பிரிவின் வரிசையில் நிற்க வைக்கலாம்.