கோழிக்குத் தீனி, நோயாளிக்குக் கடைசி மருந்து

கொலிஸ்டின். பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஐ.சி.யூ. வாசலில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். வேறு எந்த ஆன்டிபயாடிக்குக்கும் கிருமி மசியாதபோது டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து இது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஓரங்கட்டப்பட்ட பழைய மருந்துதான். புது மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டதால் வேறு வழியில்லாமல் திரும்பக் கூப்பிட்டு வந்தார்கள்.

இந்தக் கடைசி மருந்தைத்தான் இந்தியாவில் 2019 ஜூலை வரை கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். நோய் வந்த கோழிக்குக் கொடுத்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். நன்றாக இருக்கும் கோழி சீக்கிரம் எடை போடுவதற்காக!

இந்தப் பழக்கம் 1950 வாக்கில் அமெரிக்காவில் தொடங்கியது. ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் தின்ற குஞ்சுகள் வேகமாக வளர்வதை ஒரு மருந்து கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு தவிடு, புண்ணாக்கு மாதிரி மருந்தும் தீவனச் சாமான் ஆகிவிட்டது.

இதில் என்ன ஆபத்து? தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் மருந்து எல்லாக் கிருமியையும் கொல்லாது. தாக்குப்பிடித்தவை பெருகும். அதோடு நின்றால் பரவாயில்லை. தாக்குப்பிடிக்கும் வித்தையை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றியும் கொடுக்கும். பிளாஸ்மிட் என்கிற சின்ன மரபணு வளையம்தான் அதற்கு வாகனம்.

கொலிஸ்டின் விஷயத்தில் இப்படிக் கைமாறாது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். 2015-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்ததும் அந்த நம்பிக்கை போச்சு. அவர்கள் சோதித்த 804 கால்நடைகளில் 166-ல் அது இருந்தது. 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78-ல் இருந்தது. 1,322 நோயாளிகளில் 16 பேரிடம் இருந்தது. பண்ணையில் அதிகம், ஆஸ்பத்திரியில் குறைவு. எங்கிருந்து எங்கே போகிறது என்று ஊகிப்பது கஷ்டமா என்ன?

"கறியை வேகவைத்தால் கிருமி செத்துவிடுமே!" என்பார்கள். உண்மைதான். ஆனால் கறி வெட்டுகிறவரின் கையை யார் வேகவைப்பது? பண்ணை எருவையும் கழிவுநீரையும்? 1976-லேயே ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டிவிட்டார். டெட்ராசைக்ளின் கலந்த தீவனத்தைக் கோழிக்குக் கொடுத்த சில மாதங்களில், அந்தப் பண்ணை வீட்டு மனிதர்களின் குடலிலும் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியிருந்தன. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் அந்த அளவுக்கு இல்லை.

"மனிதர்கள் மட்டும் ஒழுங்கா? சளிக்குக்கூட மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறார்களே!" அதுவும் தப்புதான். இரண்டு பேர் சேர்ந்து வீட்டுக்குத் தீ வைத்தால், ஒருவனைக் காட்டி இன்னொருவன் தப்பிக்க முடியுமா? மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேரடிக் காரணமாகி 2019-ல் மட்டும் உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் செத்தார்கள் என்கிறது ஒரு மதிப்பீடு.

அடுத்தது விலை. "மருந்தை நிறுத்தினால் கறி விலை ஏறும், ஏழை எப்படிச் சாப்பிடுவான்?" திடீரென்று ஏழை மேல் அக்கறை! காமர்ஸ் முதல் வருஷ மாணவனுக்கே தெரியும், ஒரு செலவை ஏட்டில் எழுதாவிட்டால் அது மறைந்துவிடாது, இன்னொருவர் ஏட்டில் போய் ஏறும். தீவனத்தில் மிச்சமானது கம்பெனியின் லாபக் கணக்கில் ஏறுகிறது. ஐ.சி.யூ. பில்லோ தாலியை அடகு வைக்கும் குடும்பத்தின் கணக்கில் ஏறுகிறது. இதற்குப் பெயர் மலிவுக் கறியா?

டென்மார்க்கில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2000-க்குள் நிறுத்திவிட்டார்கள். பன்றி இறைச்சித் தொழில் படுத்துவிடவில்லை, உற்பத்தி கூடத்தான் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006-ல் நிறுத்தியது. சீனா 2017-ல் கொலிஸ்டினைத் தீவனத்திலிருந்து எடுத்தது. அதன்பின் அங்கே பண்ணைப் பன்றிகளிடமும் கோழிகளிடமும் கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் வெகுவாகக் குறைந்தன. ஆக, நிறுத்தினால் பலன் உண்டு.

பல்லடம் பக்கம் ஒப்பந்தத்தில் பிராய்லர் வளர்க்கும் விவசாயி மேல் பழி போடுவது சுலபம். ஆனால் குஞ்சும் கம்பெனியுடையது, தீவனமும் கம்பெனியுடையது. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதை முடிவு செய்வது அவர் இல்லை. சட்டம் பிடிக்க வேண்டியது மூட்டையைத் தைத்து அனுப்புகிறவர்களை.

2019-ல் இந்தியாவில் வந்த உத்தரவு ஒரு மருந்துக்குத்தான் பூட்டுப் போட்டது. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்றைக் கலக்க எவ்வளவு நேரமாகும்? நோயில்லாத கோழிக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கூடாது. நோய் வந்தால் கால்நடை டாக்டரின் சீட்டு வேண்டும். தீவன மூட்டையில் என்ன மருந்து, எவ்வளவு என்று தமிழில் அச்சடிக்க வேண்டும். இது ஒன்றும் நிலாவைக் கேட்பது இல்லையே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கேட்டுப் பாருங்கள், "அண்ணே, இந்தக் கோழி என்ன தீவனம் தின்னுச்சு?" என்று. கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது. அவருக்கு யாரும் சொன்னதில்லை, வாங்குகிறவர்களும் இதுவரை கேட்டதில்லை. கேட்க ஆரம்பியுங்கள்.