பத்தாவது வந்துருச்சுங்க!

கோவையில் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரி அரங்கில் நடந்த செஸ் போட்டியைப் பார்த்துவிட்டு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகள் பிரிவில் மேஜை போதவில்லை. கூடுதல் நாற்காலிகளுக்கு ஓடினார்கள். பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் ஒரு வரிசைகூட நிரம்பவில்லை. நடுவே இந்தப் பிள்ளைகளெல்லாம் எங்கே போனார்கள்?

விடை வாசலிலேயே கிடைத்தது. கோப்பை வாங்கிய பெண் ஒருத்தி, கடைசிச் சுற்றில் கருப்புக் காய்களோடு ஆடி ஜெயித்தவள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவே கருப்புக் கட்டங்களில் நிறுத்தினாள். எதிராளிக்குக் கை கொடுத்தாள். ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்து வந்தாள். அந்த நிதானம் பெரியவர்களிடமே அபூர்வம். "அடுத்த போட்டி எங்கே?" என்று அவள் அப்பாவிடம் கேட்டோம். "இதோட நிறுத்திக்கிறோமுங்க. அம்மணிக்குப் பத்தாவது வந்துருச்சுங்க" என்றார். அம்மணி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த அப்பா கெட்டவர் அல்ல. விடியற்காலையில் பஸ் பிடித்து மகளை அழைத்து வந்தவர்தான். ஆனால், எந்த வயதில் நிறுத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. செஸ் வீராங்கனை வைஷாலியின் கணக்கைப் பாருங்கள். 2012-ல் 12 வயதுக்கு உட்பட்டோர் உலகப் பட்டம். 2015-ல் 14 வயதுக்கு உட்பட்டோர் உலகப் பட்டம். 2018-ல், 17 வயதில், மகளிர் கிராண்ட்மாஸ்டர். 2023-ல் கிராண்ட்மாஸ்டர் தகுதி. அதே ஆண்டும் 2025-லும் மகளிர் கிராண்ட் சுவிஸ் பட்டம். பதினான்குக்கும் பதினேழுக்கும் நடுவிலுள்ள அந்த மூன்று ஆண்டுகளை ஸ்பெஷல் கிளாஸுக்குக் கொடுத்திருந்தால் மீதி எதுவுமே நடந்திருக்காது.

வைஷாலி சென்னைப் பெண், அங்கே வசதி இருக்கிறது என்பீர்கள். சங்ககிரிக்கு வாருங்கள். தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட ஊர், லாரிகளுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர் நந்திதா, மகளிர் கிராண்ட்மாஸ்டர். 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் இந்தியாவின் மூன்றாவது மகளிர் அணியில் ஆடியவர். அதே ஆண்டு இறுதியில் டெல்லியில் ஒரு தோல்வியும் காணாமல் ஆசிய மகளிர் பட்டத்தை வென்றார். பிரக்ஞானந்தா பொதுப்பிரிவில் ஜெயித்ததும் அங்கேதான். பிரக்ஞானந்தாவின் படம் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போனது. நம் மண்ணின் ஆசிய சாம்பியன் பெயரைக் கோவையில் இன்று பத்துப் பேரிடம் கேளுங்கள், எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று. காது குத்துக்கும் கெடா விருந்துக்கும் தெருவை அடைத்து பேனர் கட்டுகிற ஊர் நம்முடையது!

2025-ல் திவ்யா தேஷ்முக் இந்தியாவின் 88-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்த 88 பேரில் பெண்கள் நாலே பேர்: ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யா. ஈரோட்டு இனியன் 2019-லேயே அந்தப் பட்டத்தை எட்டிவிட்டார். கொங்கிலிருந்து ஒரு பெண் இன்னும் எட்டவில்லை. மூளை பற்றாக்குறையா? இல்லவே இல்லை.

மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கே மூன்று நார்ம் (பட்டத்துக்கு ஏற்ற தரத்தில் ஒரு போட்டியை ஆடி முடித்ததற்கான தகுதி) வேண்டும், 2300 ரேட்டிங் தொட வேண்டும். ஒரு நார்முக்குக் குறைந்தது ஒன்பது சுற்று, அதுவும் வெளிநாட்டு வீரர்களும் பட்டம் பெற்றவர்களும் ஆடுகிற போட்டியில். பத்து நாள் பள்ளிக்கு லீவு. பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது, அப்பாவோ அம்மாவோ கூடப் போக வேண்டும். இரண்டு டிக்கெட், இரண்டு சாப்பாடு, கூடப் போகிறவரின் சம்பளப் பிடித்தம். கோச் கட்டணம் தனி. பையனுக்கு ஆகிற செலவைவிடக் கூடுதல். வருமானமோ அதேதான்.

இதற்குமேல் நம் பள்ளிகள். சங்ககிரியிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் திருச்செங்கோடு, அதைத் தாண்டினால் நாமக்கல். அங்கே விடுதியோடு மதிப்பெண் விளைவிக்கும் பள்ளிகள் எத்தனை! ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடம், பதினொன்றில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். விளையாட்டு பீரியட் அட்டவணையில் மட்டும்தான். பத்து நாள் லீவு கேட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் நமக்குச் சலிக்காது: பிள்ளையின் இளமையை மதிப்பெண்ணுக்கு அடகு வைக்காதீர்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன, அதில் செஸ்ஸும் உண்டு. பலகையைப் பிடுங்கிய பெற்றோரில் பலருக்கு இந்தச் செய்தியே தெரியாது.

மில் முதலாளிகளே, பம்புசெட் தொழிலதிபர்களே, திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர்களே! கோப்பைக்கும் பொன்னாடைக்கும் கொடுத்தது போதும். ஆளுக்கொரு பெண்ணைத் தத்தெடுங்கள், பதினைந்து வயதிலிருந்து இருபது வரை. பயணச் செலவையும் கோச் சம்பளத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவள் தோற்கிற ஆண்டிலும் கொடுங்கள். அந்த ஆண்டில்தான் பணம் அதிகம் தேவைப்படும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. வரும் ஜூனில் உங்கள் மகள் பத்தாம் வகுப்பு போகிறாளா? பலகையைப் பரணில் ஏற்றுமுன் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஆடணுமா, போதுமா கண்ணு?" என்று கேளுங்கள். ஆடணும் என்று அவள் சொன்னால், பள்ளிக்கு லீவு லெட்டரை நீங்களே எழுதிக் கொடுங்கள்.