தீவு நூலகரும் மின்னணுச் சாதனங்களும்

தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்துள்ள பாராடாங் தீவைக் கண்டிராதவர்களும் அதன் சேற்று எரிமலைகளைப் பற்றியும், அலையாத்திக் காடுகளினூடே படகில் சென்று காணவேண்டிய சுண்ணாம்புக் குகைகளைப் பற்றியும் கேள்வியுற்றிருப்பர். அங்கு ஒரு நூல் சென்று சேரும் வழி எத்தகையது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சென்னைத் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ ஏற்றப்பட்ட புத்தகக் கட்டு முதலில் தலைநகரை அடைகிறது. அங்கிருந்து தரைவழியே செல்லும் வண்டி ஜிர்காடாங்கில் வரிசையில் நின்று, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டைக் காவலுடன் கடந்து, மிடில் ஸ்ட்ரெயிட் என்னும் நீரிணையையும் தாண்டியாக வேண்டும். வடதிசையில், ஹம்ப்ரி நீரிணையின் மீது 2019-ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்பட்டதால் நடு அந்தமானுடன் போக்குவரத்து எளிதாயிற்று. எனினும் நூல்கள் தாமதமின்றி வந்து குவியும் இடமாகப் பாராடாங்கை இன்றும் கருதுவதற்கில்லை.

2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி செயலுக்கு வந்தது. அதுவரையில் செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுகளுக்கு இது பெரும் மாறுதல் என்பதில் ஐயமில்லை. அக்கம்பி இணைக்கும் இடங்களில் ரங்கத்தும் லாங் தீவும் உண்டு. பாராடாங்கின் பெயர் அப்பட்டியலில் இல்லை. கரையேறிய கம்பியிலிருந்து உட்பகுதிகளுக்கு இணைப்பைக் கொண்டுசெல்வது தனிப்பட்டதொரு வேலை. ஆகவே இத்தகைய தீவில் ஒரு பள்ளி நூலகத்தையோ சிற்றூர்ப் படிப்பகத்தையோ கவனித்து வரும் பணியாளர், இணைய வசதி நன்கு கிடைக்கும் நாள்களையும் கிடைக்காத நாள்களையும் ஒருங்கே எதிர்பார்த்துத் தம் வேலையை அமைத்துக்கொள்ள வேண்டியவராகிறார்.

இவர் புதிய மின்னணுச் சாதனங்களைக் கற்றுக்கொள்வது எவ்வாறு? இணைப்பு முற்றும் சீரடைந்து, பயிற்சிக்கான ஆணையும் வந்து சேரும்வரை பொறுத்திருக்கலாம் என்பார் சிலர். கணிப்பொறி ஒன்றை அனுப்பிவைத்தால் மற்றவை தாமே நடந்தேறும் என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றுகளும் பணியாளர் தாமே சோதித்துப் பார்த்துக் கற்கக்கூடியவர் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

இத்துறையில் நூலகத் தொழில் கண்ட ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள சார்லட்–மெக்லன்பர்க் பொது நூலகத்தில் 2006-ஆம் ஆண்டு ஹெலீன் பிளோவர்ஸ் என்னும் அம்மையார் தம் நூலகப் பணியாளர்களுக்காக 23 சிறு பயிற்சிகளை வகுத்தார். வலைப்பதிவு தொடங்குதல், புகைப்படங்களைப் பகிர்தல், செய்தியோடைகளைத் திரட்டுதல், பலர் கூடித் திருத்தும் பக்கங்களில் எழுதுதல், ஒலிக்கோப்புகளைத் தேடுதல் முதலியவை அவற்றுள் அடங்கும். பணியாளர் ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் தாமே முயன்று, கண்டதைக் குறித்து வைக்கவேண்டும் என்பதே ஏற்பாடு. முடித்தவர்களுக்கு இசை கேட்கும் சிறிய மின்னணுக் கருவி ஒன்று பரிசாக வழங்கப்பட்டது. இம்முறையைப் பின்னர்ப் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான நூலகங்கள் எடுத்தாண்டன.

அன்றைய பயிற்சிகளில் இடம்பெற்ற சேவைகளின் பின்வரலாறுதான் இன்று கவனித்தற்குரியது. புத்தகக்குறிகளைச் சேமித்த டெலிஷியஸ் 2017-ல் கைமாறிச் செயலற்றது. பிளாக்லைன்ஸ், ரோலியோ என்னும் பெயர்களை இளைய நூலகர் கேட்டிருக்கவும் மாட்டார். செய்தியோடைகளுக்காகப் பலர் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013-ல் மூடப்பட்டது. இதனால் அப்பயிற்சியே வீண் என்று முடிவு கட்டுவது பொருந்தாது. பொத்தான்களின் இருப்பிடத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது வீணாயிற்று. ஒரு சேவை எதற்குப் பயன்படும், அதில் சேர்த்ததை வெளியே எடுத்துக்கொள்ள இயலுமா, அது நின்றுவிட்டால் கையில் என்ன எஞ்சும் என்று வினவப் பழகியவருக்கோ அப்பழக்கம் அடுத்த சாதனத்திலும் கைகொடுத்திருக்கும்.

இதனைப் பாராடாங்கிற்குப் பொருத்திப் பார்ப்போம். எட்டாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் சேற்று எரிமலையைப் பற்றித் தமிழில் இரண்டு பக்கச் செய்தி வேண்டுமென்று நூலகரிடம் கேட்கிறார் எனக் கொள்வோம். நூலகர் இணையத்தில் தேடுகிறார். முதலில் அவர் முன் வந்து நிற்பது பெரும்பாலும் சுற்றுலா விளம்பரமாகவே இருக்கும். அடுத்து, இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலையான பேரன் தீவு எரிமலையையும் பாராடாங்கின் சேற்று வாய்களையும் ஒன்றாகக் குழப்பும் குறிப்புகள் வரும். பேரன் தீவில் வெளிப்படுவது உருகிய பாறைக்குழம்பு. பாராடாங்கில் வெளிப்படுவதோ, நிலத்தடிப் படிவுகளில் உயிர்ப்பொருள்கள் சிதைந்து உண்டாகும் வாயுக்கள் நீரோடும் களிமண்ணோடும் கலந்து மேலே தள்ளும் குளிர்ந்த சேறு. 2005-ல் அது சீறியதற்கும் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்திற்கும் தொடர்பு உண்டெனக் கருதப்படுகிறது. இவ்வேறுபாட்டைப் பிரித்தறிந்து ஆசிரியர் கையில் சரியான பக்கத்தைக் கொடுப்பதே நூலகரின் பணி. தேடுபொறி அவருக்காக அதனைச் செய்துவிடாது. வினாவுக்கு உடனே சரளமான விடை எழுதித்தரும் செயற்கை அறிவுச் செயலிகளும், இரண்டு எரிமலைகளையும் ஒன்றாக்கிவிட்டு அதை ஐயமின்றி உரைக்க வல்லவை என்பதை மறத்தலாகாது.

தமிழில் தேடுவோருக்குத் தனிப்பட்ட இடர்ப்பாடுகளும் உண்டு. பாராடாங், பாரட்டாங், பாரதாங் என்று ஒரே தீவின் பெயர் பலவாறு எழுதப்படுகிறது. சேற்று எரிமலையை மண் எரிமலை என்பாரும் உளர். ஹேவ்லாக், நீல் தீவுகள் 2018-ல் சுவராஜ் தீவு, ஷாகித் தீவு எனப் பெயர் மாற்றப்பட்டன; போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பழைய பெயரை மட்டும் அறிந்தவர் புதிய செய்தியைத் தவறவிடுவார்; புதிய பெயரை மட்டும் இட்டுத் தேடும் மாணவருக்கு அதற்கு முன்னர் எழுதப்பட்டவை எல்லாம் கண்ணில் படாமற் போகும். ஒரு பொருளுக்குரிய எல்லாப் பெயர்களையும் ஓர் அட்டையில் எழுதிவைக்கும் பழக்கம் நூலகத் தொழிலுக்குப் புதிதன்று. அட்டைப் பட்டியல் தயாரித்த தலைமுறை இதனை நாள்தோறும் செய்தது. அந்தப் பழந்திறமை இணையத்திலும் பயன்படுகிறது என்பதைச் சோதித்துப் பார்த்தவரே அறிவர்.

எழுத்துருச் சிக்கல் இதனினும் பழையது. 1999-ல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி விசைப்பலகைக்கும் குறியேற்றத்திற்கும் தரம் வகுக்கப்பட்டது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிக்கோடைத் தரமாக ஏற்றது. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் பலவகை எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்ட ஆவணங்கள் அலுவலகக் கணிப்பொறிகளில் இன்றும் கிடக்கின்றன. திரையில் பழுதின்றித் தோன்றும் அத்தகைய ஆவணத்தில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை. அது இல்லையென்று எண்ணிப் பணியாளர் திரும்பிவிடுகிறார். எழுத்துருமாற்றியைக் கொண்டு ஒரு பழைய சுற்றறிக்கையை மாற்றிப் பார்ப்பது அரைமணி நேரப் பயிற்சியே. அதனை ஒருமுறை செய்தவர் பின்னர் ஏமாறமாட்டார்.

நல்ல தமிழ் நூல்கள் எங்கே கிடைக்கும் என்பதற்கும் விடையுண்டு. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்பதிப்பாக்கி இலவசமாக வழங்கி வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய தேசிய மின்னூலகமும் உள்ளன. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததை நினைவிற்கொண்ட சமூகத்திடையே 2005-ல் தோன்றிய நூலகம் திட்டமும் குறிப்பிடத்தக்கது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களையும், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் தயக்கமின்றிப் படியெடுத்துக் கொடுக்கலாம். கைபேசிக் குழுக்களில் உலவும் புதிய நாவல்களின் திருட்டுப் படிகளை நூலகக் கணிப்பொறியில் சேர்ப்பது தகாது.

ஆனால் இணைப்பு அறுந்த நாளில் இவற்றை எங்ஙனம் அளிப்பது? 1931-ல் தஞ்சை மாவட்டத்து மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்னும் ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டுவண்டியில் நூலகம் நடத்தியதை நூலக இயக்கத்தார் நன்கு அறிவர். வாசகர் நூலகத்தை நாடிவர இயலாதாயின் நூலகம் வாசகரை நாடிச் செல்லட்டும் என்பதே அவ்வண்டியின் நோக்கம். இன்று அதே வேலையைச் சிறு நினைவகச் சில்லு செய்யவல்லது. கிவிக்ஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒருமுறை இறக்கிவைத்தால் பின்னர் இணையமின்றியே படிக்கலாம். இணைப்பு வலுவாக உள்ள ஊருக்கு அலுவல் நிமித்தம் செல்பவர் இறக்கிக்கொண்டு வந்தாலும் போதும். மின்சாரம் இருக்கும்வரை வகுப்பு தடைப்படாது.

பாராடாங்கில் மின்னணுச் சாதனங்களைக் கையாள்வோருக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் செய்து எடுத்த படக்காட்சி உலகெங்கும் வெளியாகி நாட்டிற்குத் தலைகுனிவை உண்டாக்கியது. காப்புக்காட்டிலே பழங்குடியினரைப் படம் எடுப்பதும் பரப்புவதும் சட்டப்படி குற்றம். அந்தச் சாலை வழியே வருபவரின் கைபேசியில் அத்தகைய படம் இருக்கக்கூடும். 'தீவின் மக்கள்' என்று தலைப்பிட்டுப் பள்ளிக் கண்காட்சிக்கு அது நல்லெண்ணத்துடனேயே கொடுக்கப்படவும் கூடும். படப் பகிர்வைக் கற்கும் நூலகர், பகிரலாகாதவை எவை என்பதையும் அதே அமர்வில் கற்கவேண்டும். மாணவர்கள் தத்தம் குடும்பம் இத்தீவிற்கு வந்த கதையைப் பாட்டிமாரிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்வது, பாதுகாப்பானதும் பயனுள்ளதுமான மாற்றாகும். வங்காளமும் இந்தியும் தமிழும் தெலுங்கும் பேசுவோர் கலந்து வாழும் இத்தீவுகளில் அவ்வாறான பதிவுகளுக்குப் பொருள் குறைவில்லை.

இவ்வளவும் நடைபெறத் தடையாக நிற்பது கருவியின்மை என்பதைவிட அச்சம் எனலே பொருத்தம். இருப்புக் கணக்கில் ஒரு நூல் குறைந்தாலும் தம் ஊதியத்தில் பிடித்தம் வருமோ என அஞ்சி அலமாரியைப் பூட்டிவைக்கும் பணியாளரை எல்லா மாநிலங்களிலும் காணலாம். கணிப்பொறி வந்தால் அதுவும் உறையிட்டுப் பூட்டப்படும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளோ இதில் தாராளமாகவே உள்ளன. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் இழப்பு நேர்வதை, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமன்றாயின், நியாயமானதாகக் கொள்ளலாம் என்பது விதி. விலை மிக்க நூல்களுக்கும் அரிய நூல்களுக்கும் மட்டும் விசாரணை கட்டாயம். நூல் வாசிக்கப்படவேண்டுமாயின் சிறிது தேய்மானம் உண்டென்பதை நிதித்துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. இதனை அறியாத மேலதிகாரிகளும் உளர் என்பது வருந்தத்தக்கது.

இதே நியாயத்தைப் பணியாளரின் நேரத்திற்கும் வழங்குதல் வேண்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் சோதனைக்கென அலுவல் நேரத்திலேயே ஒதுக்கி, அதில் பாதி முயற்சிகள் பயன் தராமற்போனாலும் விளக்கம் கேட்காதிருக்க மேலதிகாரி முன்வரவேண்டும். சொந்தக் கைபேசியிலும் சொந்தச் செலவிலும் இரவில் கற்கும்படி விடுவது முறையாகாது. அதற்கு ஈடாகப் பணியாளரிடம் எதிர்பார்க்கத்தக்கது ஒரு குறிப்பேடு. எந்தச் சாதனம், எந்நாளில், எந்த வாசகரின் எந்த வினாவுக்காக முயலப்பட்டது, என்ன கிடைத்தது, எதனால் கைவிடப்பட்டது என்பவை அதில் இருந்தால் போதும். தீவுப் பணியில் இடமாற்றம் இயல்பு. ஒருவர் ஈராண்டில் தேடிக் கண்டதை அடுத்தவர் மறுபடியும் முதலிலிருந்து தேடாதிருக்க, பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் அலமாரிச் சாவியுடனும் இருப்புப் பதிவேட்டுடனும் இக்குறிப்பேட்டையும் எழுத்து மூலம் சேர்த்து ஒப்படைக்குமாறு ஆணையிடலாம்.