வாய் திறக்கும் பிள்ளைக்குத் துணை யார்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்பும் இரக்கமும் கற்பிக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். நல்லது. ஆனால், அவமானப்படுகிறவன் பக்கம் போய் நிற்கிற பிள்ளைக்கு யார் துணை? இதைக் கேட்பாரில்லை.

நாஞ்சில் நாட்டார் அறிந்த வரலாறுதான். 1907-ல் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா, பள்ளிப் பருவத்திலேயே, தடுக்கப்பட்ட தெருக்களிலும் கோயிலிலும் தாழ்த்தப்பட்ட நண்பர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஊர் சீறிற்று. தகப்பனார் தடுத்தார். மகன் வீட்டை விட்டே வெளியேறினார். பின்னர் சேரன்மாதேவி குருகுலம் போனார். அங்கே சில பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி! அங்கும் அவர் நிலைக்கவில்லை. தேசபக்தி போதித்த பள்ளிதான் அது. பாடத்தில் ஒன்று, பந்தியில் வேறொன்று.

ஜீவாவுக்கு மாலை போடுகிறோம். நம் பிள்ளை அப்படிச் செய்தால்? "உனக்கேன் வம்பு?" என்று அதட்டுகிற தகப்பன்மார் நம் தோழர்களிலும் உண்டு. மறைத்துப் பயனில்லை.

ஆரல்வாய்மொழியைத் தாண்டி நெல்லைச் சாலையில் இருக்கிறது நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் அங்கே என்ன நடந்தது? பள்ளியில் பட்ட கொடுமையை வெளியே சொன்ன தாழ்த்தப்பட்ட மாணவனை, அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். குறுக்கே பாய்ந்த தங்கைக்கும் வெட்டு.

அதன்பின் சர்க்கார் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு கூடாது, அறநெறி வகுப்பு வேண்டும் என்றது. கயிற்றையும் திலகத்தையும் பிடித்துக்கொண்டு சிலர் கூச்சலிட்டார்கள். நமக்கோ, பெரிய பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்று அக்குழு சொன்னதுதான் முக்கியம். புகார் சொல்ல ஓர் இடம் இல்லாமல் அறநெறி வகுப்பு நடத்தி என்ன பயன்?

கீரிப்பாறை ரப்பர்த் தோட்டமாகட்டும், செங்கல் சூளையாகட்டும், சக தொழிலாளிக்காகப் பேசியவனைப் பழிவாங்கினால் சங்கம் பார்த்துக்கொண்டிருக்குமா? அந்தத் துணை இருப்பதால்தான் நமக்கு வாய் வருகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தச் சங்கம் இருக்கிறது?

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மையினர். தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். (வீட்டுப் பெண்களை அனுப்பிவிட்டு டீக்கடையில் இருப்பது போதும்.) பிறனுக்காகப் புகார் சொன்ன மாணவன் பெயர் வெளியே கசியாமலிருக்க என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். வழியில் அவனை மறித்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். தலைமையாசிரியர் சொல்லும் பதிலை, அங்கேயே, மினிட் புத்தகத்தில் எழுத வையுங்கள்.