இயந்திரம் விதியாத விதிகள்

விளையாட்டு எதுவாயினும் அதற்கு இருவகைக் கட்டுப்பாடுகள் உள. ஒன்று எழுதப்பட்ட விதி. மற்றையது எழுதப்படாத வழக்கு. விதியை மீறுவோனை நடுவர் தண்டிப்பார். வழக்கை மீறுவோனைத் தண்டிப்பார் எவருமிலர்; உடனாடியோரின் மதிப்பை அவன் இழக்கின்றான், அவ்வளவே. பந்து தன் துடுப்பின் விளிம்பிற் பட்டதை உணர்ந்தவன், நடுவரின் விரலை எதிர்பாராது தானே களத்தைவிட்டு நடத்தல் எந்தச் சட்டத்தாலும் கட்டாயமாக்கப்பட்டதன்று. ஆயினும் கல்லூரி மைதானத்தில் நாம் கற்றவற்றுள் நெடுநாள் எம்மோடு நின்றவை இத்தகைய வழக்குகளே என்பதைப் பழைய மாணவர் பலரும் ஒப்புவர்.

இன்றைய மாணவர் ஆடும் களங்களுட் பல புல்முளைத்த மைதானங்கள் அல்ல. அவை கணினித் திரையில் விரிவன. அங்கே நடுவராய் இருப்பதும் இயந்திரம், கணக்கெழுதுவதும் இயந்திரம். மைதானத்தையே தம் உலகமாகக் கொண்டு வளர்ந்த மூத்தோர் சிலர், அத்தகைய களத்தில் ஒழுக்கத்திற்கு இடமேயில்லை என்கின்றனர். இளைஞர் சிலரோ, இயந்திரம் தடுக்காதன யாவும் முறையானவையே என்கின்றனர். இவ்விரு கூற்றும் தவறு என்பதே எமது துணிபு. அதனை ஓர் ஆட்டத்தைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

‘ஏஜ் ஒப் எம்பயர்ஸ்’ என்னும் தொடரின் இரண்டாம் ஆட்டம், அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்ரூடியோஸ் நிறுவனத்தார் ஆக்க, மைக்ரோசொப்ற் நிறுவனத்தாரால் 1999ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இடைக்கால அரசுகளின் எழுச்சியும் போரும் அதன் பொருள். சதுரங்கத்திற்போல ஒருவர் காய்நகர்த்த மற்றவர் காத்திருப்பதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் இயங்குவர். பெரும்பாலான இனத்தார்க்கு ஊர் மன்றம் ஒன்றும், குடியானவர் மூவரும், ஒற்றறியும் வீரன் ஒருவனும் தொடக்கத்திற் கிடைப்பர். உணவு, மரம், பொன், கல் என்னும் நால்வகைச் செல்வத்தையும் பெரும்பாலும் குடியானவரைக் கொண்டே ஈட்டல் வேண்டும். இருண்ட காலத்தில் தொடங்கி, நிலமானிய காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் எனப் படிப்படியாக உயர்தல் வேண்டும். ஈட்டிவீரர் குதிரைப்படையை வெல்வர்; குதிரைப்படை வில்லாளரை வெல்லும்; வில்லாளர் ஈட்டிவீரரை வெல்வர். ஒரு புதிய குடியானவரைப் பெற 50 பங்கு உணவு வேண்டும். வழமையான ஆட்டத்தில் ஒருவர் ஆளக்கூடிய தொகை 200 பேர். இவை இயந்திரத்தின் விதிகள். பொன் இல்லாதவன் வில்லாளனைப் பெற முடியாது. பெரும்பாலான இனங்களில் வீடு கட்டாதவன் தன் குடியைப் பெருக்க முடியாது. இதில் மன்றாட்டமுமில்லை, சலுகையுமில்லை.

ஆட்டம் வெளிவந்து கால் நூற்றாண்டு கழிந்தபின்னரும் அது வழக்கொழியவில்லை. 2019ஆம் ஆண்டு புதுக்கிய பதிப்பொன்று வந்தது. தொடக்கத்தில் 13ஆக இருந்த இனங்கள் இன்று 40க்கு மேற்பட்டன. 2022ஆம் ஆண்டின் பிற்சேர்க்கையிலே ‘திராவிடர்’ என்னும் இனமும் சேர்க்கப்பட்டது. அவ்வினத்தார் தமிழிற் பேசுகின்றனர். இராசேந்திர சோழனின் வரலாற்றைத் தழுவிய போர்த்தொடர் ஒன்றும் அதில் அமைந்துள்ளது. எம் இளைஞர் இதன்பால் ஈர்க்கப்படுதல் வியப்பன்று.

இனி, இயந்திரம் விதியாத விதிகளுக்கு வருவோம். அவற்றுள் முதலாவது, ‘இத்தனை நிமிடம் வரை போர் இல்லை’ என்னும் உடன்பாடு. எதிரி தன் ஊரைக் கட்டி முடிக்குமுன் படையோடு சென்று தாக்குதல் இவ்வாட்டத்தில் மிக வலிய உபாயம். ஆயினும் பெருநகர் கட்டிப் பெரும்படை திரட்டிப் பொருதலையே இன்பமாகக் கருதுவோர், தொடங்குமுன் தமக்குள் வாய்மொழியாக ஒரு காலவரையறை செய்துகொள்வர். இயந்திரம் அதனை அறியாது. பத்தொன்பதாம் நிமிடத்தில் எவனேனும் வாயிலை உடைத்தால் அது தடுக்காது. அவ்வுடன்பாட்டிற்கு ஆதாரம் ஆடுவோனின் சொல் ஒன்றே. இத்தொடரின் மூன்றாம் ஆட்டத்திற்கு 2007ஆம் ஆண்டு வந்த பிற்சேர்க்கையில் இவ்வழக்கே ‘உடன்படிக்கை’ என்னும் ஆட்டமுறையாக இயந்திரத்துட் புகுத்தப்பட்டது. இரண்டாம் ஆட்டத்தின் புதுப்பதிப்பும் அதனை ஏற்றுக்கொண்டது. இப்போது குறித்த நேரம்வரை தாக்க முயன்றாலும் முடியாது. இதனாற் சண்டை ஒழிந்தது, அமைதி பிறந்தது. ஆனால், மீற முடியாத சொல்லைக் காப்பதில் என்ன சிறப்பு உண்டு? இவ்வினாவை வாசகர் மனத்தில் இருத்துவாராக; பின்னர் இதற்கு மீள்வோம்.

இரண்டாவது வழக்கு, இன்றும் முடிவுறாத வழக்காகவே உள்ளது. ஒவ்வொருவர் ஊரைச் சுற்றியும் செம்மறி ஆடுகள் சிலவும், காட்டுப்பன்றி இரண்டும் இருத்தல் பொது அமைப்பு. ஆடு ஒன்று 100 பங்கு உணவு தரும். பன்றி ஒன்று 340 பங்கு தரும். குடியானவன் ஒருவன் பன்றியை அம்பால் எய்து, அது துரத்த ஓடி, ஊர் மன்றத்தின் அருகே கொணர்வான். அங்கே காத்திருப்போர் அதனைக் கொல்வர். தொடக்க நிமிடங்களில் ஊரின் உயிர்நாடி இவ்வுணவே. இந்நிலையில் எதிரியின் குதிரைவீரன் வந்து, அப்பன்றியைச் சீண்டித் தன் ஊருக்கு இழுத்துச் செல்லல் கூடும். ஆடுகளையும் ஓட்டிச் செல்லல் கூடும். ஆடுவோர் இதனை ‘லேமிங்’, அதாவது முடமாக்கல், என்பர். பன்றியை இழந்தவன் அதன்பின் நொண்டியவாறே ஆட நேரும்.

இது திறமையா, இழிவா? இயந்திரம் வாய் திறப்பதில்லை. ‘காவாதவன் இழந்தான், அவன் கண் எங்கே இருந்தது?’ என்பர் ஒரு சாரார். ‘போட்டி தொடங்குமுன்னே அதனைக் கெடுப்பது போட்டியன்று’ என்பர் மறு சாரார். போரின் தொடக்கமாக ஆநிரை கவர்தலை வெட்சித் திணையென வகுத்த தொல்காப்பியத்தைக் கற்றோர்க்கு, முதற்கூற்று முற்றிலும் புதிதாகத் தோன்றாது. ஆனால் வெட்சியை இருபுறத்தாரும் போர்முறையென முன்னரே அறிந்திருந்தனர் என்பதை மறத்தலாகாது. அறிவிப்பாகக் கொள்ளப்பட்ட ஒரு செயல் வேறு. எதிர்பாராதவன்மேற் பாயும் செயல் வேறு.

கிரிக்கெற் உலகிலும் இத்தகைய வழக்குரை உண்டு. 1947ஆம் ஆண்டு டிசெம்பரிலே சிட்னி மைதானத்தில், பந்து வீசுமுன்னரே எல்லைக்கோட்டை விட்டு நகர்ந்த அவுஸ்திரேலிய வீரர் பில் பிரவுணை, இந்திய வீரர் வினூ மங்காட் ஆட்டமிழக்கச் செய்தார். சட்டம் மங்காட்டின் பக்கம். அவரைப் பழித்தோரோ பலர். எதிரணித் தலைவராயிருந்த பிராட்மன் மங்காட்டையே ஆதரித்தார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நெடுங்காலம் கழித்து 2022ஆம் ஆண்டிலேதான் மேரிலிபோன் கிரிக்கெற் கழகத்தார் அவ்விதியை ‘முறையற்ற ஆட்டம்’ என்னும் 41ஆம் சட்டத்தினின்றும் எடுத்து, ‘ரன் அவுட்’ பற்றிய 38ஆம் சட்டத்திற் சேர்த்தனர். ஒரு வழக்கு ஒருதலையாக முடிவுறுதற்கு முக்கால் நூற்றாண்டு சென்றது. பன்றி கவர்தல் பற்றிய வாதம் இன்னும் தீரவில்லையென்று இளைஞரை நாம் எள்ளுதல் பொருந்தாது.

மூன்றாவது வழக்கு தோல்வியை ஒப்புதல். எமது கருத்திலே இதுவே தலையாயது. இனி வெல்லல் இயலாதென உணர்ந்தவன், ‘நல்ல ஆட்டம்’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களாகிய ‘ஜீ ஜீ’ என எழுதி, ஆட்டத்தை விட்டுக்கொடுத்து விலகுவான். அவ்விரண்டு எழுத்தும் இரண்டு செய்திகளைச் சொல்லும்: நான் தோற்றேன், நீ நன்றாக ஆடினாய். வென்றவன் அதனை முந்தி எழுதுதல் அழகன்று என்பர்; தோற்றவன் வாயினின்று வரவேண்டிய சொல்லை வென்றவன் பறிப்பதாக அது கொள்ளப்படும். தோல்வி உறுதியான பின்னும், காட்டு மூலையில் ஒரு குடியானவனை ஒளித்துவைத்து எதிரியை அரைமணி நேரம் தேடவைப்பவனையும் ஆடுவோர் விரும்புவதில்லை.

அணிக்கு நால்வராக எண்மர் ஆடும்போது இவ்வழக்கு வேறொரு வடிவம் கொள்ளும். ஓரத்தில் நிற்போர் இருவர். அவர்கள் பெரும்பாலும் வில்லாளரைத் திரட்டி முதலடியைத் தாங்குவர். நடுவில் நிற்போர் இருவர். அவர்கள் பின்னணியிற் செல்வம் ஈட்டிக் குதிரைப்படையோடு துணைக்கு வருவர். இப்பகுப்பையும் இயந்திரம் விதிக்கவில்லை. ஆடி ஆடிக் கண்ட முறையே அது. ஓரத்தில் நின்றவனின் ஊர் எரிந்துபோகின்றது. அவன் செய்யத்தக்கது யாது? சினந்து, நண்பரைத் திட்டி, இணைப்பைத் துண்டித்துப் போகலாம். மூவர் நால்வரோடு பொருது தோற்பர். அன்றி, எஞ்சிய குடியானவரோடு நண்பன் ஊரிற் புகலடைந்து, மரம் வெட்டி, சந்தை கட்டி, வரி போக எஞ்சியதை நண்பருக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். அவன் பெயர் வெற்றியிற் பேசப்படாது. ஆயினும் அத்தகையவன் ஒருவனாற் பிழைத்த ஆட்டங்கள் பல. கல்லூரியின் பதினொருவருட் பன்னிரண்டாமவனாய், நீர் சுமந்து நின்று மகிழ்ந்தவர்கள் இதன் அருமையை அறிவர்.

இங்கே ஒரு தடையை எழுப்புவோர் உளர். ‘போரின் கொடுமையை நேரிற் கண்ட இம்மண்ணிலே போரை விளையாட்டாக்குதல் தகுமா?’ என்பர். இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. உண்மையிலே இவ்வாட்டத்தின் வழக்குகளுள் எம்மை உறுத்துவது ஒன்றுண்டு. எதிரியின் பன்றியைக் கவர்தல் முறையா என்று வாதிடும் அதே ஆட்டக்காரர், எதிரியின் வயலில் ஆயுதமின்றி உழைக்கும் குடியானவர்மேற் குதிரைப்படையை ஏவிக் கொல்லுதலைத் தேர்ந்த ஆட்டமெனப் புகழ்கின்றனர். குடியானவரைக் கொன்றாற் செல்வம் வற்றும். செல்வம் வற்றினால் எதிரி வீழ்வான். ஆட்டத்தின் கணக்கு அது. ஆகவே, ஆட்ட வழக்கு வேறு, அறம் வேறு என்பதை மாணவர் தெளிவாக உணர்தல் வேண்டும். சதுரங்கத்திற் காலாளைப் பலியிடுபவன் கொலைஞன் ஆகான். ஆனால் சதுரங்கப் பலகையை உலகமெனக் கொள்பவன் ஆபத்தானவன். இவ்வாட்டம் வரலாறுமன்று, போர்க்கல்வியுமன்று. அதனிடம் கற்கத்தக்கது ஒன்றே: கண்காணா ஒருவனுக்குக் கொடுத்த சொல்லைக் காத்தல்.

ஏனெனில், இக்களத்தில் எதிரி பெரும்பாலும் முகமற்றவன். மைதானத்திலே ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்க வேண்டும். மறுநாட் கடைத்தெருவிற் காண வேண்டும். அந்த நாணமே எம்மிற் பலரை ஒழுங்காக ஆடச் செய்தது. திரையின் மறுபுறத்தில் இருப்பவனை நாம் என்றும் காணப்போவதில்லை. அவன் பெயர்கூடப் புனைபெயரே. அங்கே காக்கப்படும் வழக்கு, நாணத்தாற் காக்கப்படுவதன்று, மனத்தாற் காக்கப்படுவது. மைதானம் கற்பித்த பாடத்தின் உண்மையான பரீட்சை திரையின் முன்னேதான் நடைபெறுகின்றது என்று கூறுதல் மிகையாகாது.

ஆதலின் எமது கருத்தைச் சுருங்கக் கூறுவோம். இல்லங்களுக்கிடையே இத்தகைய கணினிப் போட்டி நடத்தும் காலம் வந்தாலும் வரலாம். 2022ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹைடல்பேர்க் கோட்டையிலேயே இவ்வாட்டத்தின் பெரும்போட்டி ஒன்று நடைபெற்றிருக்க, கல்லூரி மண்டபத்தில் அது நடைபெறலாகாது என்பதற்கு நியாயமில்லை. அவ்வாறு நடத்துவோர், அந்நியர் இருவர் மாறுபட எண்ணக்கூடிய யாவற்றையும் எழுதிவைத்தல் வேண்டும்: போரில்லாக் காலம் எவ்வளவு, பன்றி கவர்தல் ஆகுமா ஆகாதா, மின்சாரமோ இணைப்போ அற்றால் ஆட்டத்தை எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பன போல்வன. வாயாற் பேசாததை வழக்கென்று பின்னர் வற்புறுத்தல் நீதியன்று. உடன்பாட்டை இயந்திரத்துட் புகுத்த முடியுமாயின் புகுத்துவதும் நன்றே. ஐயத்திற்கு இடமிருக்கும்போது சிறப்பைப் பார்க்கினும் அமைதியே பெரிது.

ஆனால் தோல்வியை ஒப்புதல், எதிரியைப் பாராட்டுதல், வீழ்ந்த பின்னும் நண்பனுக்கு உழைத்தல் ஆகிய மூன்றையும் எவ்விதியிலும் எழுதலாகாது. அவற்றிற்குப் புள்ளி வழங்கலும் ஆகாது. கட்டளையாற் பிறக்கும் பாராட்டு பாராட்டாகாது. முன்னர் நாம் எழுப்பிய வினாவுக்கு விடையும் இதுவே: மீற முடியாத சொல்லைக் காப்பதிற் சிறப்பில்லை, ஆதலினாற்றான், மீறக்கூடிய சொற்கள் சில எஞ்சியிருத்தல் வேண்டும்.

மாணவர்களே! இயந்திரம் உங்களைத் தடுக்கும் இடங்களில் நீங்கள் எப்படி ஆடுகின்றீர்கள் என்பதை எவரும் கேளார். அது தடுக்காத இடங்களில் எப்படி ஆடுகின்றீர்கள் என்பதே உங்களையும், உங்களை வளர்த்த கல்லூரியையும் காட்டும். உங்கள் ஊர் எரியும்போதும் உங்கள் விரல்கள் அவ்விரண்டு எழுத்தையும் நேர்மையோடு எழுதுமாயின், இக்கல்லூரி மைதானம் தன் கடமையைச் செய்துவிட்டது என நாம் மகிழ்வோம்.