உள்ளாடைப் படக்காரன்

மாரிக்குப்பத்தில் புறப்பட்டுப் பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் கோலார் தங்கவயல் ஜனங்கள் எத்தனை விதமான உத்தியோகங்களை முன்னிட்டுப் பிரயாணம் செய்கிறார்கள் என்று யாரேனும் ஒரு ஜாபிதா தயாரித்தால், காவலாளிகளும், ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளும், ரெடிமேட் ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கும் பெண்களும், கொத்தனார்களும், கம்ப்யூட்டர் முன் அமர்ந்து கணக்கெழுதும் இளைஞர்களும் அதில் தவறாமல் இடம் பெறுவார்கள். பெண்களுடைய உள்ளாடைகளைப் படம் பிடித்து ஜீவனம் செய்கிறவன் என்று ஒருவனைச் சேர்ப்பதற்குத்தான் எழுதுகிறவருக்குச் சற்றே கை கூசும். அந்த ஒருவன் நான். ரயிலில் கேட்பவர்களிடம் “கம்பெனியில் போட்டோகிராபர்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வது என் வழக்கம். கல்யாண ஆல்பம் எடுத்துத் தருவேனா என்று அடுத்த கேள்வி வரும். சம்பாஷணை அந்தத் திக்கில் போய்விடும்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து இறங்கியது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டது வரையில், பூமிக்குக் கீழே இறங்குவதொன்றையே பிழைப்பாகக் கொண்டிருந்த ஊர் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போயிற்று. கீழே போக வழியில்லை என்று ஆன பிறகு, நூறு கிலோமீட்டர் மேற்கே போய்ப் பிழைக்க ஊர் பழகிக்கொண்டது. அப்படிப் போன இடத்தில் எனக்குக் காமிரா வாய்த்தது தற்செயல் என்றாலும், அது உள்ளாடையின் முன் போய் நின்றது முழுத் தற்செயல் அல்ல. இணையத்தில் துணி விற்கும் மிந்த்ரா 2007இல் பெங்களூரில் பிறந்தது. பெண்களின் உள்ளாடைக்கென்றே ஜிவாமே 2011இல் அங்கேதான் தொடங்கப்பட்டது. ஜாக்கி உள்ளாடைகளை இந்தியாவில் தயாரித்து விற்கும் பேஜ் இண்டஸ்ட்ரீஸின் தலைமை ஸ்தானமும் அதே நகரந்தான். கடைக்குப் போகாமலே துணி வாங்கும் உலகத்தில் துணியைத் தொட்டுப் பார்ப்பதற்குப் பதிலாகப் படத்தைப் பார்க்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு துணிக்கும், அதன் ஒவ்வொரு நிறத்துக்கும், முன்னும் பின்னும் பக்கமும் தையலும் தெரிய நாலைந்து படங்கள் வேண்டியிருக்கின்றன. இந்தத் தொழிலைப் பற்றி வெளியார் செய்துகொள்ளும் ரசமான கற்பனைகளுக்கும், காலை முதல் மாலை வரை வெள்ளைத் திரையின் முன் ஒரே உயரத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, ஒரே அபெர்ச்சரில், பட்டியலில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போகும் எங்கள் நாளுக்கும் எவ்விதச் சம்பந்தமும் கிடையாது.

வேலையின் நுட்பங்கள் மிக அற்பமான விஷயங்களில் இருக்கின்றன. உள்ளாடையின் எலாஸ்டிக் பட்டை தோலில் ஒரு கோடு போடும். அந்தக் கோடு மறைய அரைமணி நேரமாவது ஆகும். ஆகையால் மாடல் பெண்கள் படப்பிடிப்பு நாளில் தளர்ந்த கவுன் போன்ற ஒன்றைப் போட்டுக்கொண்டு வரவேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவார்கள். ஏ.சி.யைக் கூட்டினால் துணிக்கும் விளக்குக்கும் நல்லது, ஆனால் அந்தப் பெண்ணுக்கு மயிர்க்கூச்செறியும். குறைத்தால் மேக்கப் கரையும். முதுகுப்புறத்தில் துணியை இழுத்துப் பிடிக்கக் கிளிப்புகள் மாட்டியிருக்கும், முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. வலைத்துணியையும் லேஸையும் எடுக்கும்போது, துணியின் கண்ணும் காமிராவின் சென்ஸாரிலுள்ள கட்டங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, இல்லாத ஒரு கோலம் படத்தில் அலை அலையாக எழும். காமிராவை அரையடி முன்னோ பின்னோ நகர்த்தித்தான் அதைத் தீர்க்க வேண்டும். எடுத்த படம் உடனுக்குடன் லாப்டாப்பில் வந்து விழும். அதன் முன் ஸ்டைலிஸ்ட் அம்மாள் ஒருவர் அமர்ந்து, “ஸ்ட்ராப் திரும்பியிருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். உள்ளாடை எடுக்கும் நாளில் அறையில் அத்தியாவசியமான மூன்று நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது என்பது நல்ல ஸ்டுடியோக்களின் நியதி. அதை எவ்வளவு கண்டிப்பாக அநுசரிக்கிறார்கள் என்பதைக் கொண்டே அந்த இடத்தின் யோக்கியதையை நான் நிர்ணயிப்பேன்.

பிறகு, எடுத்த படம் ரீடச்சிங் செய்கிறவரிடம் போகும். நம் தேசத்துப் பெண்களின் இடது தோளுக்குக் கீழே பி.சி.ஜி. ஊசி போட்ட வடு ஒன்று, சிறு நாணயம் அளவில், சற்றே குழிந்து சுருங்கி இருக்கும். என் அம்மாவுக்கும் உண்டு, அத்தைக்கும் உண்டு. ரீடச்சிங் குறிப்பில் முதல் வரியாக அந்த வடுவை எடுத்துவிடும்படி எழுதியிருப்பார்கள். காசநோய்க்கு அஞ்சி ஒரு சர்க்கார் கோடிக்கணக்கான குழந்தைகளின் கையில் வைத்த அடையாளத்தை, ஒரு பையன் தேநீர் குடித்துக்கொண்டே மவுஸை இரண்டு தரம் சொடுக்கி அழித்துவிடுகிறான். இதில் நான் பெரிய அநியாயம் எதையும் காணவில்லை. 1939இல் பாரிஸில் ஹார்ஸ்ட் என்ற போட்டோகிராபர் எடுத்த மெயின்போஷர் கார்ஸெட் படம் உலகப் பிரசித்தமானது. முதுகைக் காட்டி அமர்ந்த பெண்ணும், அவிழ்ந்து தொங்கும் நாடாவும் உள்ள அந்தப் படத்தில், கார்ஸெட் ஒரு பக்கம் உடம்பை விட்டு விலகி நின்றதாம். வோக் பத்திரிகைக்காரர்கள் அதை உடம்போடு ஒட்டத் திருத்தித்தான் அச்சிட்டார்கள். திருத்துவது இத்தொழிலின் பிறவிக்குணம். எதைத் திருத்துகிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு.

அந்த வழக்கில் நிறமும் அடக்கம். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில், உள்ளாடைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் கடையில், பெட்டியின் மேலுள்ள படத்தில் நிற்பவள் பெரும்பாலும் ஐரோப்பிய தேசத்துப் பெண். வாங்கிக்கொண்டு போகிறவள் மாநிறமோ கறுப்போ ஆன எங்களூர்ப் பெண். வெகுகாலம் நம்மூர் மாடல்கள் இவ்வேலைக்கு இசையாததால் வெளிதேசத்தவரை அமர்த்தினார்கள் என்று கம்பெனிகள் காரணம் சொல்லும். அதில் பாதி உண்மை. மறுபாதி எங்கள் சாதனத்திலேயே ஊறியது. 1950களில் கோடாக் கம்பெனி, கலர் பிரிண்டுகளின் நிறத்தைச் சரிபார்ப்பதற்கென்று லேபுகளுக்கு அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. அவளுடைய பெயரைக் கொண்டே அதற்கு ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர் வந்தது. அவள் தோல் சரியாக வந்துவிட்டால் படம் சரி என்று அர்த்தம். கறுத்த தோலுக்கு வெளிச்சத்தை அப்படியே கொட்டினால் போதாது. பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் நெருக்கி வைத்து, தோள்மீதும் காறையெலும்பின்மீதும் ஒளி வழுக்கி ஓடும்படி செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் கறுப்பைப் போல் காமிராவுக்கு உவந்த நிறம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ‘ஸ்கின் கலர்’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடும் இளஞ்சந்தன நிறம், எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எவருடைய தோலுக்கும் பொருந்தி நான் பார்த்ததில்லை.

சென்ற நூற்றாண்டின் மத்தியில் நியூயார்க்கில் லில்லியன் பாஸ்மன் என்றொரு அம்மாள் இதே தொழிலைச் செய்தார். 1917இல் பிறந்தவர், ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்கும் உள்ளாடை விளம்பரங்களுக்கும் படமெடுத்தவர். கனமான இடுப்புக் கச்சைகளை ஏதோ வைத்திய உபகரணம் போலக் காட்டிவந்த காலத்தில், முகம் திரும்பி, நிழலில் பாதி கரைந்து, தன்னோடு தானே ஏதோ யோசித்துக்கொண்டிருக்கிற பெண்களை அவர் காட்டினார். 1970 வாக்கில் மனம் கசந்து தம் நெகடிவ்களில் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டார். இருபது வருஷம் கழித்து ஒரு பையில் மிச்சம் கிடைத்தவையே இன்று கண்காட்சிகளில் தொங்குகின்றன. அந்தப் படங்களில் உள்ள பெண்கள் யாருக்காகவும் நிற்கவில்லை; படமெடுப்பவர் ஆணாக இருந்திருந்தால் அவர்கள் அப்படி நின்றிருப்பார்களா என்ற சந்தேகம் எனக்குண்டு. நான் காமிராவைக் கண்ணில் வைத்த மாத்திரத்தில் எதிரே நிற்பவளின் தோள்பட்டை சிறிது இறுகுவதை, எத்தனை வருஷ அநுபவத்துக்குப் பிறகும், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது இளகும் வரை காத்திருப்பதே என் வித்தையில் பெரும்பகுதி.

நம் தேசத்தில் உடம்பைக் காட்சிக்கு வைக்கும் இந்த விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேசாமல், போலீஸும் முனிசிபாலிட்டியும் பேசி வந்திருக்கிறார்கள். 1995இல் பிரபுத்த தாஸ்குப்தா எடுத்த ஒரு காலணி விளம்பரத்தில் மாடல்களான மிலிந்த் சோமனும் மது சாப்ரேயும் ஆடையின்றி ஒரு மலைப்பாம்போடு நின்றதற்காக வழக்குத் தொடர்ந்து, அது பதினான்கு வருஷம் நடந்து, 2009இல் விடுதலையில் முடிந்தது. 2013இல் மும்பை மாநகராட்சி, உள்ளாடை அணிந்த பொம்மைகளைக் கடை வாசலில் நிறுத்தக் கூடாதென்று தீர்மானம் போட்டது. பொம்மைகளுக்காக இவ்வளவு கவலைப்பட்ட ஸ்தாபனங்கள், உயிருள்ள பெண் காமிராவின் முன் நிற்கும் அறையில் உடைமாற்ற ஒரு தடுப்பு இருக்கிறதா, அவள் எந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டாள் என்று எட்டிப் பார்த்ததாக எனக்குத் தெரியாது.

காகிதம் என்றதும் என் அத்தையைச் சொல்லாமல் தீராது. ரெடிமேட் பெட்டிகள் கடைக்கு வருவதற்கு முன்னால், எங்கள் லைன் பெண்களுக்கு ரவிக்கையும் பருத்தி ‘பாடி’யும் தைத்துக் கொடுத்தவள் அவள், இப்போதும் அந்த மிஷின் திண்ணையை ஒட்டி இருக்கிறது. நான் இன்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்தபோது வீட்டில் முகம் சுளிக்காதவள் அவள் ஒருத்திதான். என் செல்போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்துவிட்டு, “கப்புக்குக் கீழ டார்ட் ரொம்ப நீளம், நைனா. குனிஞ்சா குத்தும்” என்றாள். பிறகு அதே குரலில், “இந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் எங்கெங்க போவுதுன்னு தெரியுமா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி இந்த ஊரில் புதிதல்ல. குழியிலிருந்து மேலேறி வந்தவனைத் தங்கம் கடத்தியிருப்பான் என்ற சந்தேகத்தில் உடற்சோதனை போட்டே வீட்டுக்கு அனுப்பிய ஊர் இது. 1930இல் தொழிலாளர் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, கூலிக்காகக்கூட அதுவரை அவ்வளவு ஒற்றுமையாகக் கிளம்பாத ஜனங்கள் வாரக்கணக்கில் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். ரேகை கொடுத்தால் குற்றவாளிப் பட்டியலில் பெயர் ஏறும் என்பது அவர்கள் பயம். அத்தையின் தகப்பனார், அதாவது என் பாட்டனார், அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர். தன் உடம்பின் பதிவு தன் கையை விட்டுப் போனால் அதை வைத்திருப்பவன் என்ன செய்வான் என்று கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து வந்தவர்கள், மேலாடையேகூட எல்லாருக்கும் வாய்க்காத காலத்தைக் கண்ட குடும்பங்கள். 2024இல் வந்த ‘தங்கலான்’ படத்தில், தங்கவயலுக்குப் போன நாயகன் கொண்டுவந்து கொடுக்கும் ரவிக்கைகளை அவன் ஊர்ப் பெண்கள் முதன்முதலாக அணிந்து பார்க்கும் காட்சியை எங்களூர்த் தியேட்டரில் பார்த்தபோது, ஆண்கள் விசிலடித்துக் கொண்டாடினார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த வயோதிக ஸ்திரீகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாடல் பெண்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், படம் எல்லாத் தேசங்களிலும், இப்போதுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லாச் சாதனங்களிலும், கால வரம்பின்றி உபயோகிக்கப்படலாம் என்று ஒரு வாக்கியம் இருக்கும். இனி வரப்போகும் சாதனம் எது என்று கையெழுத்திடுகிறவள் எப்படி அறிவாள்? 2025இல் எச் அண்ட் எம் என்ற துணிக் கம்பெனி முப்பது மாடல்களுக்கு அவர்களைப் போலவே கம்ப்யூட்டர் பிரதிகள் செய்யப்போவதாக அறிவித்தது. அந்தப் பிரதிகளின் உரிமை அந்தந்த மாடலுக்கே என்றும் சொன்னது. பெரிய கம்பெனி, உலகமே பார்க்கிறது, ஆகவே அப்படிச் சொன்னார்கள். ஒருநாள் வேலைக்கு ஹூப்ளியிலிருந்தோ குவாஹாட்டியிலிருந்தோ ரயிலேறி வரும் பெண்ணிடம் அப்படி யார் சொல்வார்கள்? நான் என்னால் ஆனதைச் செய்கிறேன்: எடுத்த படத்தை ஸ்டைலிஸ்டுக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குத் திருப்பிக் காட்டுகிறேன், அவள் வேண்டாமென்றதை அங்கேயே அழிக்கிறேன், இதனால் நேரம் வீணாகிறதென்று புகார் வரும்போது, லேஸ் அலையடித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

சென்ற வாரம் அந்த ஒப்பந்தத்தை அத்தைக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கால வரம்பின்றி என்ற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு, இதற்கு அந்தப் பெண்ணுக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டாள். ஒருநாள் கூலி இன்னது என்று சொன்னேன். வாயில் நூலை வைத்து ஊசியில் கோத்துக்கொண்டே, “பத்தாது” என்றாள்.